நிலக்காட்சிக் கல் பதித்த பழைய இத்தாலியக் கேபினெட்டைச் சோதித்துப் பார்க்கும் முறை

17ஆம் நூற்றாண்டு ஃப்ளோரன்ஸ் கேபினெட்டுகள் சிலவற்றின் இழுப்பறை முகப்புகளில், கருங்காலிச் சட்டங்களுக்கு நடுவே, இடிந்த கோட்டையும் செங்குத்துப் பாறையும் மங்கிய வானமும் தெரியும் கல் பலகைகள் பதிக்கப்பட்டிருக்கும். பியெத்ரா பயேசினா, அதாவது நிலக்காட்சிக் கல், எனப்படும் இது ஆர்னோ ஆற்றுப் பகுதியில் கிடைக்கும் நுண்மணிச் சுண்ணாம்புக்கல். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர வணிகர் ஃபிலிப் ஹைன்ஹோஃபரும் இக்கற்களைத் தருவித்துத் தம்முடைய கேபினெட்டுகளில் பயன்படுத்தினார்.

முதலில் பார்க்க வேண்டியவை கல்லின் குறுக்கே ஓடும் மெல்லிய வெண்கீற்றுகள். பாறையில் விழுந்த வெடிப்புகளைக் கால்சைட் நிரப்பியதால் உண்டானவை அவை. இரும்புச் சத்துள்ள நீர் கல்லுக்குள் ஊறியபோது இந்தக் கீற்றுகள் வரப்புகளைப் போலத் தடுத்து நின்றதால், பழுப்பு நிறம் ஒரு துண்டில் உயரமாகவும் பக்கத்துத் துண்டில் தாழ்வாகவும் பரவியது. கோபுரமும் மதிலும் நிற்பது போன்ற ஏற்ற இறக்கம் அப்படித்தான் பிறந்தது. ஆகவே லென்ஸை வைத்து ஒரு 'கோபுரத்தின்' விளிம்பைப் பின்தொடர்ந்து பாருங்கள். நிறம் கீற்றின் ஓரத்தில் சட்டென நின்று, மறுபுறம் வேறோர் உயரத்தில் தொடங்கினால், அது பெரும்பாலும் இயற்கையின் வேலையே. இந்த ஒரு சோதனையை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக நம்புகிறேன்.

நிறம் கீற்றைப் பொருட்படுத்தாமல் அதன் மேலேறிச் சென்றால், பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அது கையால் வரைந்ததாக இருந்தால் தூரிகைத் தடம் மேடாகத் தெரியக்கூடும். ஆனால் ஓவியர்கள் உண்மையான கல்லின் மீதே மனிதர்களையும் கப்பல்களையும் வரைந்து சேர்த்ததும் உண்டு என்பதால், வண்ணப்பூச்சு தெரிந்தவுடன் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜிப்சத் தூளும் பசையும் நிறமும் கலந்து செய்யும் ஸ்காலியோலா என்ற செயற்கைப் பரப்பும் கல்லைப் போலவே பளபளக்கும். தொட்டால் அது கல்லின் அளவுக்குக் குளிர்ச்சியாக இருக்காது. நகத்தால் கீறிப் பார்ப்பது கூடவே கூடாது.

கல் உண்மையானது என்பதாலேயே கேபினெட்டும் பழையது ஆகிவிடாது. இழுப்பறை ஒன்றை முழுவதுமாக வெளியே எடுத்து அடிப்பலகையை ஆராயுங்கள்: கை இழைப்புளியின் மேடுபள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். வட்ட ரம்பத்தின் வளைந்த கோடுகள் இருந்தால் அந்தப் பலகை 17ஆம் நூற்றாண்டினது அன்று.

பராமரிப்பில் ஒன்றை மறக்கவே கூடாது. இது சுண்ணாம்புக்கல்; எலுமிச்சை, வினிகர், புளி என எந்த அமிலம் பட்டாலும் மெருகு அரிக்கப்பட்டுப் போகும். மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். இடம் மாற்றும்போது இழுப்பறைகளை வெளியே எடுத்துவிட்டு, மேல் விளிம்பைப் பிடிக்காமல் அடிப்பகுதியைத் தாங்கித் தூக்க வேண்டும். ஈரப்பதம் ஏறி இறங்கினால் மரம் அசையும், பழைய விலங்குப் பசை விட்டுப்போகும்; விரல் நுனியால் மெல்லத் தட்டும்போது ஒரு கல் பலகை மட்டும் வெற்றொலி எழுப்பினால், அது விழக் காத்திருக்கிறது என்று பொருள். அதை உடனடிப் பசையால் ஒட்டிவிடாதீர்கள். உதிர்ந்த சில்லுகளை, அவை எந்த இழுப்பறைக்கு உரியவை என்று குறித்து உறையில் இட்டு, கல் பதிப்பு வேலை தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படையுங்கள்.