கேக் மாவைக் கிளறினால் மட்டும் கணக்கு வந்துவிடாது

ஹோம்ஸ்கூலிங், அதாவது பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவெடுத்த முதல் மாதமே முக்கால்வாசிப் பேர் கேக்கில் இறங்கிவிடுகிறோம். கணக்கு, அறிவியல் எல்லாம் ஒரே பாத்திரத்தில் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான். வரும், நாம் கெடுக்காமல் இருந்தால்.

மாவு சிந்திவிடுமே என்று பயந்து, நானே எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட்டுக் கிளறுவதை மட்டும் மகளிடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணக்கு இருப்பதே அந்த அளப்பதில்தான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மைதாவைக் கரண்டியால் எடுத்துக் கப்பில் தளர்வாகப் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் வாக்கில் வரும், அதே கப்பை மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150ஐத் தொட்டுவிடும். "ரெண்டும் ஒரு கப்தானேம்மா?" என்று அவள் தராசையே முறைத்துக்கொண்டு நின்றாள். சிந்தினால் சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது டின். 6 அங்குல வட்ட டின்னுக்கான அளவை 8 அங்குல டின்னில் ஊற்றினோம், ரெண்டு அங்குலம்தானே என்று. வந்தது கேக் இல்லை, அடை. அப்புறம் இரண்டு டின்னையும் கட்டம் போட்ட தாளில் கவிழ்த்து வரைந்து கட்டங்களை எண்ணினாள்: ஒன்று 28 சதுர அங்குலம், இன்னொன்று 50. வட்டத்தின் பரப்பைக் கணக்கிட உதவும் 'பை' (π) என்றால் என்ன என்று அவளுக்கு அன்றைக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சமையல் சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்று என்று நினைத்து மாற்றிப் போடுவது பெரியவர்களே செய்கிற தவறு. விளக்கம் சொல்லாதீர்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில், ஒன்றில் சோடாவும் இன்னொன்றில் பவுடரும் அரை ஸ்பூன் போடச் சொல்லுங்கள். பவுடர் உடனே பொங்கும், ஏனென்றால் அதற்குள்ளேயே புளிப்புப் பொருள் கலந்திருக்கிறது. சோடா சும்மா கரையும், எலுமிச்சை பிழிந்தால்தான் நுரைக்கும். கேக்கில் சோடா போட்டால் தயிர் ஏன் சேர்க்கிறோம் என்று பிள்ளையே சொல்லிவிடும்.

கரண்டியை நக்க விடாதீர்கள். முட்டை போடவில்லையே என்று சமாதானம் சொல்ல வேண்டாம், மைதாவும் வேகாத பொருள்தான், அதிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். குக்கரில் செய்தால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றுவது, சூட்டில் டின்னை இறக்குவது எல்லாம் உங்கள் வேலை.

இதையெல்லாம்விட மோசமானது, "அரையும் காலும் எவ்வளவு, சொன்னாத்தான் சர்க்கரை" என்று பரீட்சை வைப்பது. என் சின்னவன் அன்றைக்கு அடுப்படியைவிட்டுப் போனவன் இரண்டு வாரம் எட்டிப் பார்க்கவில்லை.

அதற்காகக் கேக்கே பாடத்திட்டம் ஆகிவிடாது. என்ஐஓஎஸ் என்ற தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதுவரை பிள்ளை ஒரே மூச்சில் இரண்டு பக்கம் எழுதியதே இல்லை என்றால் தேர்வறையில் கை வலிக்கும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் என்ன போட்டோம், என்ன ஆச்சு என்று மகளே நோட்டில் எழுத வேண்டும். போன வாரத்துப் பக்கத்தில் கடைசி வரி: "முட்டை ஓடு விழுந்தது. அம்மாதான் போட்டாள், நான் இல்லை."