மார்சேயில் தெரிந்தவர் வீட்டில் தங்கப்போகும் தம்பதிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தெற்கே மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி இருக்கும் மார்சேய், கி.மு. 600 வாக்கில் கிரேக்க மாலுமிகள் வந்திறங்கி உண்டாக்கிய துறைமுகம். பாரிஸிலிருந்து டிஜிவி என்ற அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சுற்றுலா வருபவர்கள் பலர் ஒரே பகலில் பார்த்துவிட்டு நீஸ் பக்கம் ஓடிவிடுவார்கள். ஆனால் அந்த ஊரிலேயே கூட வேலை பார்த்தவரோ, பிள்ளையின் சிநேகிதர் குடும்பமோ இருந்து, "வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டால் அது வேறு மாதிரியான பயணம். அதில் நேரும் தவறுகளும் வேறு மாதிரி. கூப்பிட்டவர்களைத் தெரியாமல் சங்கடப்படுத்துவது ஒன்று; காற்றையும் கடை நேரத்தையும் கேட்காமல் திட்டம் போடுவது இன்னொன்று.

அழைப்பை வாய்வார்த்தையாக விடுவது

இந்தத் தவறு விமானம் ஏறும் முன்பே நடக்கிறது. பிரான்சில் ஒருவர் வீட்டில் விருந்தாளியாகத் தங்க ஷெங்கன் விசா கேட்பவர்கள் 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்' என்ற சான்றைக் காட்ட வேண்டும். அதை வாங்க வேண்டியவர் உங்களை அழைத்தவர். அவர் தன் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், வீடு தன்னுடையது அல்லது தான் வாடகைக்கு எடுத்தது, விருந்தாளிக்கு இடம் இருக்கிறது, வருமானம் இவ்வளவு என்றெல்லாம் காகிதம் காட்டி, கட்டணமும் கட்டி வாங்க வேண்டும். பிறகு அசல் சான்றை உங்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்களிலேயே பலருக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியாது. டிக்கெட் போட்டபிறகு இதைச் சொன்னால் பாவம், அவர் அலைவார். தேதி முடிவாகும்போதே பேசிவிடுங்கள்.

"எதற்கு வம்பு, விசாவுக்கு ஹோட்டல் முன்பதிவைக் காட்டிவிட்டு வீட்டில் தங்கிக்கொள்ளலாம்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. விமான நிலையத்தில் எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் நீங்கள் சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டாமா? அழைத்தவருக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்று தோன்றினால், அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிஜமாக அறை எடுத்துத் தங்கிவிட்டு, பகலும் சாப்பாடும் அவர்களோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் இரண்டு குடும்பத்துக்கும் இதுதான் நிம்மதி.

பெட்டியில் நெய்யும் கறிவேப்பிலையும்

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் அதில் அடங்கும். பச்சையாக இருக்கும் செடி, இலை, பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். ஆகவே கறிவேப்பிலையும் மாம்பழமும் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. வேடிக்கை என்னவென்றால், மீன் பொருட்களில் 20 கிலோ வரை அனுமதி உண்டு, அதனால் சட்டப்படி கருவாடு போகலாம். அதற்காகக் கொண்டுபோய் அவர்கள் அலமாரியைத் திறந்தாலே ஓடும்படி செய்யாதீர்கள். பரிசு என்றால் காப்பிப் பொடி, மசாலா, காஞ்சிபுரம் பட்டில் ஒரு சால்வை, பத்தமடைப் பாய் போதும். அங்கே போய்ப் பூ வாங்கிக் கொடுப்பதானால் சாமந்தி வேண்டாம். அது அவர்களுக்குக் கல்லறைப் பூ.

படிக்கட்டு

சென் ஷார்ல் ரயில் நிலைய வாசலில் நின்றால் ஊர் முழுவதும் கீழே தெரியும். அந்தக் காட்சியில் மயங்கிப் பெரிய பெட்டிகளோடு 104 படிகளை இறங்கத் தொடங்குகிறார்கள். நிலையத்துக்கு அடியிலேயே மெட்ரோ இருக்கிறது. இரண்டாவது நிறுத்தம் பழைய துறைமுகமான வியூ போர். படிகளைச் சும்மா இருக்கும் ஒரு மாலையில் கைவீசிக்கொண்டு வந்து பாருங்கள். இரு பக்கமும் 'ஆசியக் காலனிகள்', 'ஆப்பிரிக்கக் காலனிகள்' என்று இரண்டு பெண் சிலைகள் சாய்ந்து கிடக்கும். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறியவர்கள் பலர் கரையிறங்கிய ஊர் இது. 1914 செப்டம்பரில் முதல் உலகப் போருக்காக வந்த இந்தியப் படைகள் இறங்கியதும் இங்கேதான். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சிலைகள் வெறும் அலங்காரமாகத் தெரியாது.

சாப்பாட்டு மேஜையில்

தவறுகள் அதிகம் நடக்கும் இடம் இதுதான். இரவு 7.30க்கு வரச் சொன்னால் 7.20க்கு மணி அடிக்காதீர்கள். பத்து நிமிடம் தாமதமாகப் போவதுதான் மரியாதை, அவர்கள் இன்னும் அடுப்படியில் இருப்பார்கள். போனவுடன் சாப்பாடும் வராது. முதலில் 'அப்பெரோ'. ஆலிவ், கொறிக்க ஏதாவது, கூடவே பாஸ்டிஸ். பால் ரிக்கார் என்பவர் 1932இல் இந்த ஊரில் தொடங்கிய வியாபாரம்தான் இந்தச் சோம்பு மணக்கும் மதுவை நாடெங்கும் கொண்டுபோனது. ஒரு பங்கு பாஸ்டிஸுக்கு ஐந்து பங்கு குளிர்ந்த நீர்; ஐஸ் கடைசியில். ஐஸை முதலில் போட்டால் சோம்பு எண்ணெய் உறைந்து மேலே செதிலாக மிதக்கும், வீட்டுக்காரர் முகமும் லேசாகச் சுருங்கும். குடிக்காதவர்கள் நெளிய வேண்டாம். புதினா சர்பத்தோ பாதாம் சர்பத்தோ கேட்டால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

அப்பெரோ ஒரு மணி நேரம்கூட ஓடும். பசியில் அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டால் பிறகு வரும் முதல் தட்டு, முக்கிய உணவு, சாலட், சீஸ், இனிப்பு எல்லாவற்றுக்கும் என்ன செய்வீர்கள்?

அப்புறம், நம் வழக்கத்தில் "போதும், போதும்" என்று சொல்வது உபசாரத்தின் ஒரு பகுதி. மூன்றாவது தடவை வற்புறுத்தித் தட்டில் போடுவார்கள் என்று நமக்குத் தெரியும். அங்கே ஒரு தடவை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாத்திரம் அடுத்தவரிடம் போய்விடும், சுற்றி முடித்து உள்ளேயும் போய்விடும். பிடித்திருந்தால் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள், சமைத்தவர் மகிழ்ந்துபோவார். சீஸ் மட்டும் ஒரு சுற்றோடு சரி. ரொட்டித் துண்டைத் தட்டில் வைக்காமல் மேஜை விரிப்பிலேயே வைப்பார்கள், அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே, விவரமாகச் சொல்லுங்கள். மீன் சாப்பிடுவதைச் சைவத்தோடு சேர்த்துக்கொள்பவர்கள் அங்கே உண்டு. "இறைச்சி, மீன், முட்டை, அவற்றை வேகவைத்த நீர் எதுவும் கிடையாது" என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். ரொட்டியில் தடவித் தரும் தப்பெனாட் பார்க்க வெறும் ஆலிவ் விழுது போலிருக்கும், உள்ளே நெத்திலி அரைத்திருப்பார்கள். மார்சேய் பீட்ஸா வண்டிகளில் பாதி சீஸ், பாதி நெத்திலி போட்டுத் தருவதும் சாதாரணம். கவலையில்லாமல் சாப்பிடக் கடலைமாவைக் களியாகக் கிண்டி ஆறவைத்து, வெட்டிப் பொரித்த பனிஸ் இருக்கிறது. லெஸ்தாக் பக்கம் கடற்கரைக் கடைகளில் காகிதப் பொட்டலத்தில் சுடச்சுடத் தருவார்கள். என்ன எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒருநாள் சமைத்துப் போட விரும்பினால் முதலில் கேளுங்கள். கடுகு தாளிக்கும் புகையில் அடுக்குமாடி வீட்டின் அலாரம் அலறலாம். சாமான்களுக்கு நோவாய் சந்தைக்குப் போங்கள். வட ஆப்பிரிக்க, மேற்கு ஆப்பிரிக்கக் கடைகள் நிறைந்த இடம். கொத்தமல்லி, இஞ்சி, மிளகாய், மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் குவிந்திருக்கும்.

புய்யபேஸ்

"மார்சேய் வந்துவிட்டு புய்யபேஸ் சாப்பிடாமலா?" என்று வீட்டுக்காரர்களிடம் கேட்பது, அதை வீட்டில் செய்யச் சொல்வதற்குச் சமம். விற்காமல் வலையில் மிஞ்சிய முள் மீன்களைப் போட்டு மீனவர்கள் காய்ச்சிய குழம்புதான் இது. இன்று அதன் விலை வேறு. 1980இல் ஊரின் உணவகக்காரர்கள் சிலர் கூடி ஒரு சாசனமே எழுதிவைத்தார்கள்: குறிப்பிட்ட பட்டியலிலிருந்து குறைந்தது நான்கு வகை மீன்கள் இருக்க வேண்டும், மீனைச் சாப்பிடுபவர் கண்முன் வெட்டித் தர வேண்டும், சாறும் மீனும் தனித்தனிப் பாத்திரத்தில் வர வேண்டும். இப்படி ஒழுங்காகச் செய்யும் இடத்தில் ஆளுக்கு 60 யூரோவுக்கு மேல் ஆகும், முதல் நாளே சொல்லியும் வைக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய கடை வாசலில் இருபது யூரோவுக்குப் பலகை தொங்கினால் கடந்து போங்கள்.

வந்தபிறகு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் பிசையக் கூடாது. முதலில் குங்குமப்பூ நிறத்தில் சாறு வரும். வறுத்த ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, ரூய் என்ற காரச் சாந்தைத் தடவி, சாற்றில் மிதக்கவிட்டுச் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மீனும் உருளைக்கிழங்கும். நம் நாக்குக்கு உறைப்பு போதாதுதான். அதற்காகப் பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுக்காதீர்கள்.

காற்றைக் கேட்காமல் திட்டம் போடுவது

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும் மிஸ்திரால் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியும் வீசும். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், அதனால் ஏமாந்துபோவோம். அன்றைக்குப் படகுகள் பழைய சிறைக்கோட்டையான ஷாத்தோ திஃப் தீவில் நிற்காமல் போகலாம், ஓடாமலும் போகலாம். "நாளை மிஸ்திரால்" என்று வீட்டுக்காரர் சொன்னால் வாதாடாமல் அன்றைக்கு அருங்காட்சியகம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். செவ்வாய் என்றால் 2013இல் திறந்த முசெம் என்ற அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் கலாங்க் பகுதிக்கும் இதே கதைதான். 2012 முதல் அது தேசியப் பூங்கா. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை காட்டுத்தீ அபாயத்தைப் பார்த்து, போகலாமா கூடாதா என்று முந்தின நாள் மாலையில்தான் அறிவிப்பார்கள். சுஜித்தோன் என்ற கலாங்குக்குக் கோடை உச்சத்தில் நாளுக்கு 400 பேர்தான். இலவசம், ஆனால் முன்பதிவு கட்டாயம். நிழலும் கிடையாது, குடிநீரும் கிடையாது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் திரும்பி வரும்போது சறுக்கும் கல்லில் இருவருக்கும் சண்டை நிச்சயம்.

நோத்ர்தாம் தெ லா கார்து ஆலயத்துக்கு உச்சி வெயிலில் நடந்து ஏறுவதும் வீண் வேலை. துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து மேலேயே கொண்டுபோய் விடும். உள்ளே கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்கும், கடலில் தப்பிப் பிழைத்தவர்களின் நேர்த்திக்கடன். வேளாங்கண்ணியில் வெள்ளிக் காணிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

வீட்டுக்காரரை வழிகாட்டியாக்குவது

அவர்களுக்கு வேலை, பிள்ளைகள், அலுப்பு எல்லாம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது நீங்கள் இருவரும் தனியாகக் கிளம்பிவிடுங்கள். 83ஆம் எண் பேருந்து கடலோரக் கார்னீஷ் சாலையில் போகும். வழியில் வல்லோன் தெஸோஃப் என்ற பொடி மீனவத் துறையில் இறங்கி உட்கார்ந்தால் ஒரு மாலை அங்கேயே போய்விடும். பழைய துறைமுகத்து மீன் சந்தை காலையில் மட்டும். வாங்காவிட்டாலும் முதலில் "போன்ஜூர்" சொல்லிவிட்டுப் பாருங்கள்; கடையோ பேருந்தோ, அதைச் சொல்லாமல் கேள்வி கேட்டால் பதில் முறைப்பாகத்தான் வரும்.

பேச்சில் இரண்டு விஷயங்களைத் தவிருங்கள். செய்தியில் வரும் போதைமருந்துச் சண்டைகளைப் பற்றி வீட்டுக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வது ஒன்று. பாரிஸ் கால்பந்து அணியைப் புகழ்வது மற்றொன்று. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கைப் பிரான்சுக்கு முதலில் கொண்டுவந்தது 1993இல் மார்சேய் அணி. அதை அவர்களே சொல்வார்கள், சொல்லவிடுங்கள்.

கிளம்பும் முன் அவர்களை வெளியே சாப்பிடக் கூட்டிப்போக நினைத்தால், அழைக்கும்போதே செலவு உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள். பில் வந்தபிறகு கையைப் பிடித்து இழுக்கும் நம் வழக்கம் அங்கே எடுபடாது. ஞாயிறு இரவும் திங்களும் நல்ல உணவகங்கள் பல மூடியிருக்கும், மதியம் இரண்டு மணிக்கு மேல் அடுப்பும் அணைந்துவிடும். சனிக்கிழமை மதியத்துக்கு மேஜை சொல்லிவைப்பது உத்தமம்.