நடுங்கும் கைக்கு ஸ்மார்ட் வாட்ச்: மன அழுத்தத்தைக் கவனிக்கும் முறை

பார்க்கின்சன் நோயில் மன அழுத்தம் மனத்தோடு நிற்பதில்லை. யாராவது அவசரப்படுத்தினால் போதும், என் வலது கை நடுக்கம் உடனே கூடிவிடும். அதனால்தான் ஸ்மார்ட் வாட்சின் உதவியை நாடினேன்.

நடுக்கம் குறைவான கையில் கட்டுங்கள். வாட்ச் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. வினாடிக்கு 4 முதல் 6 முறை கை ஆடினால் அந்தக் கணக்கு குழம்பும். இரு கைகளும் நடுங்கினால் மார்புப் பட்டையே மேல். அது இதயத்தின் மின்துடிப்பை நேரடியாகப் பதிவுசெய்கிறது.

வாட்ச் தரும் ‘ஸ்ட்ரெஸ்’ மதிப்பெண்ணை அப்படியே நம்பாதீர்கள். பெரும்பாலும் அது துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதிலிருந்து கணிக்கப்படுகிறது; மாறுபாடு குறைந்தால் அழுத்தம் அதிகம் என்று வாட்ச் எடுத்துக்கொள்ளும். இதயத் துடிப்பு போன்றவற்றைத் தாமாகவே இயக்கும் தானியங்கு நரம்புகளையும் இந்த நோய் பாதிப்பதால், நிம்மதியாக இருக்கும்போதே நமக்கு அந்த மாறுபாடு குறைவாக இருக்கலாம். நடுக்கத்துக்கு, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கோ, பதறும்போதும் துடிப்பு அவ்வளவாக ஏறாது. மற்றவர்களின் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். தினமும் காலையில், காபி குடிக்கும் முன், 5 நிமிடம் அமர்ந்து அளந்து பாருங்கள். 2 வாரங்களில் உங்கள் வழக்கமான அளவு ஓரளவு பிடிபடும்.

வாட்சைவிட நான் பெரிதாக மதிப்பது நோட்டுப் புத்தகத்தைத்தான். மாத்திரை நேரம், தூக்கம், நடுக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண், அப்போது என்ன நடந்தது என்று ஒரு வரி. இந்த நோய்க்கான முக்கிய மருந்தான லெவோடோபாவின் வேகம் குறையும்போது காரணமில்லாத பதற்றம் வரக்கூடும். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பே துடிப்பு திரும்பத் திரும்ப ஏறினால், மருந்து இடைவெளியைச் சந்தேகியுங்கள். என் மாலை நேரப் பதற்றம் அப்படிப்பட்டதுதான்; பதிவைப் பார்த்த மருத்துவர் மாத்திரை நேரங்களை மாற்றியமைத்தார். நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

துடிப்பு ஏறுவதாக வாட்ச் காட்டினால் முதலில் உட்காருங்கள். நின்றபடி முயன்றால் விழ நேரிடலாம். 4 வினாடி மூச்சை இழுத்து, 6 வினாடி விடுங்கள். 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். அடிக்கடி வரும் அறிவிப்பே பதற்றம் தந்தால் அதை அணைத்துவிட்டு, இரவில் ஒருமுறை மட்டும் பாருங்கள்.

மூளைக்கு மின்தூண்டல் தரும் ஆழ்மூளைத் தூண்டல் கருவி பொருத்தியவர்கள் காந்தப் பட்டையுள்ள வாட்சை, மார்பில் உள்ள கருவியிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். மார்புப் பட்டை அணியலாமா என்பதையும் வாங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.