ட்ரைபாட் வாங்குறப்ப காலைப் பாருங்க, கிலோ கணக்கை அப்புறம் பாத்துக்கலாம்

ட்ரைபாட் தேட ஆரம்பிச்சா முதல்ல கண்ணுல படுறது "8 கிலோ தாங்கும், 15 கிலோ தாங்கும்"ங்கிற நம்பர்தான். அதை மட்டும் வச்சு முடிவு பண்ணிடாதீங்க. அந்த நம்பரை எப்படி அளக்கணும்னு எல்லா கம்பெனிக்கும் பொதுவா ஒரு விதி கிடையாது, அவங்கவங்க முறையில அளந்து போட்டுக்குறாங்க. அதுவும் போக நமக்கு பிரச்சினை ட்ரைபாட் உடையுறதுல இல்ல, ஆடுறதுலதான். கால் ஒல்லியா இருந்தா 10 கிலோ தாங்கும்னு போட்டிருக்குற ட்ரைபாட்ல ஒன்றரை கிலோ கேமராவை வச்சாலும், காத்து கொஞ்சம் அடிச்சாலே படம் கலங்கிடும்.

அதனால முதல்ல காலோட விட்டத்தைப் பாருங்க. மேல் குழாய் 22 மி.மீ., 25, 28, 32ன்னு வரும். சின்ன வித்தியாசமாத்தான் தெரியும், ஆனா குழாயோட சுவர் தடிமன் ஒண்ணா இருந்தா 22லேர்ந்து 32க்குப் போறப்போ வளையாம நிக்குற பலம் கிட்டத்தட்ட 3 மடங்கு ஆகுது. கடைசி குழாயையும் நீட்டிப் பாருங்க, 5 செக்‌ஷன் கால்ல (ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற 5 குழாய் உள்ள கால்) அது பென்சில் மாதிரி இருக்கும், மொத்த ஆட்டமும் பெரும்பாலும் அங்கேர்ந்துதான் கிளம்பும். மடிச்சா பைக்குள்ள அடங்கணும்ங்கிற கட்டாயம் இல்லன்னா 3 செக்‌ஷன், இல்லாட்டி 4, அதோட நிறுத்திக்கோங்க.

அடுத்தது உயரம். விளம்பரத்துல போடுற உயரம் பல நேரம் நடுத்தண்டையும் (மூணு காலுக்கும் நடுவுல மேல தூக்குற கம்பி) முழுசா தூக்கி அளந்தது. நடுத்தண்டைத் தூக்கிட்டா மூணு கால் மேல ஒத்தைக் கால் ட்ரைபாட் ஒண்ணை வச்ச கதைதான், அதனால அதை இறக்கி வச்சிருக்குறப்ப எவ்ளோ உயரம்னு பாருங்க. 170 செ.மீ. ஆளுக்கு கண்ணு ஏறக்குறைய 158ல இருக்கும், ஹெட் (கேமராவை மாட்டுற மேல்பகுதி) ஒரு 10, கேமரா அடியிலேர்ந்து வியூஃபைண்டர் வரைக்கும் ஒரு 8 கழிச்சா கால் மட்டும் 140 செ.மீ. நின்னா போதும்.

கடையில நேர்ல வாங்குறீங்கன்னா இதைக் கண்டிப்பா பண்ணிப் பாருங்க: கால் எல்லாத்தையும் நீட்டி, உங்ககிட்ட இருக்குறதுலயே நீளமான லென்ஸை மாட்டி, ஸ்கிரீன்ல 10 மடங்கு பெருசாக்கி வச்சுட்டு காலை விரலால லேசா தட்டுங்க. படம் உடனே நின்னுட்டா நல்ல ட்ரைபாட், ஆடிக்கிட்டே இருந்தா அதை வச்சுட்டு அடுத்ததைப் பாருங்க. ஆயிரம் ரிவ்யூ படிக்கிறதை விட இந்த ஒரு தட்டு மேல்.

கார்பன் ஃபைபர் எடை கம்மி, அதிர்வும் சீக்கிரம் அடங்கும், ஆனா விலை ஜாஸ்தி. பட்ஜெட் இடிச்சா ஒல்லி கார்பனை விட தடிச்ச அலுமினியமே வாங்குங்க, தூக்கிட்டு நடக்குறது கஷ்டம்தான், ஆனா நிக்க வேண்டிய இடத்துல நிக்கும். நீட்டுன காலை இறுக்க, திருகுற ட்விஸ்ட் லாக்கா மடக்குற ஃப்ளிப் லாக்காங்கிறது அவங்கவங்க கைப்பழக்கம். ஹெட்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம், மட்டமான பால் ஹெட்டை (உருண்டை மேல எந்தப் பக்கமும் திரும்புற ஹெட்) இறுக்கிட்டு கையை எடுத்ததும் ஃப்ரேம் கொஞ்சம் கீழ இறங்கும், க்ளோஸப் எடுக்குறவங்களுக்கு இதைவிட கடுப்பு வேற இல்ல. கேமரா அடியில மாட்டி ஹெட்ல பொருத்துற பிளேட் ஆர்க்கா டைப்பா (பரவலா புழங்குற ஒரு பிளேட் வடிவம்) இருக்கட்டும், பல கம்பெனி ஹெட்டுக்கும் பொருந்தும்.

இனி நிறுத்துற விதம். தடிச்ச குழாயை முதல்ல நீட்டுங்க, ஒல்லியை கடைசியா, அதுவும் தேவைன்னா மட்டும். ஒரு காலை லென்ஸ் பாக்குற திசைக்கு வைங்க, முன்பாரம் அது மேல இறங்கும், நீங்க நிக்கவும் பின்னாடி ரெண்டு காலுக்கு நடுவுல இடம் கிடைக்கும். சரிவுல ரெண்டு கால் கீழ்ப்பக்கம், ஒண்ணு மேல்பக்கம். பெரிய டெலி லென்ஸுக்கு அதோட காலர்லதான் (லென்ஸைச் சுத்தி இருக்குற வளையம்) பிளேட் மாட்டணும், கேமரா அடியில மாட்டுனா மொத்தமும் முன்னாடி தொங்கும். காத்து அடிச்சா நடுவுல உள்ள கொக்கியில பையை மாட்டலாம், ஆனா பை அந்தரத்துல ஊஞ்சலாடுனா அதுவே ட்ரைபாட்டையும் ஆட்டிடும், தரையில லேசா படுற மாதிரி விடுங்க. கேமரா ஸ்ட்ராப்பையும் கழட்டிடுங்க இல்ல சுத்திக் கட்டிடுங்க.

பட்டனை கையால அழுத்தாம 2 செகண்ட் டைமர் இல்ல ரிமோட் வைங்க. 1/30லேர்ந்து 1 செகண்ட் வரைக்கும் உள்ள ஸ்பீடுலதான் கேமராவுக்குள்ள அசையுற கண்ணாடி, ஷட்டரோட அதிர்வு படத்துல அதிகமா தெரியும், அந்த இடத்துல கண்ணாடி உள்ள கேமரான்னா மிரர் லாக் (கண்ணாடியை முன்னாடியே தூக்கி வைக்குறது), மிரர்லெஸ்ஸுன்னா எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டரை அசைக்காம சென்சாரே படத்தைத் தொடங்குறது) போட்டுக்கோங்க. கை ஆட்டத்தைச் சரி பண்ற ஸ்டெபிலைசேஷனை ஆஃப் பண்ணிடுங்க, சில லென்ஸ் ட்ரைபாட்ல இருக்குறதை தானா கண்டுபிடிச்சுக்கும், சிலது இல்லாத ஆட்டத்தை சரி பண்றேன்னு படத்தைக் கெடுக்கும்.

தண்ணியில கால் இறக்குறப்ப மட்டும் மேல சொன்ன வரிசையை மாத்தணும். அப்போ கடைசி ஒல்லிக் குழாயைத்தான் முதல்ல முழுசா நீட்டணும், லாக் தண்ணிக்கு மேல நிக்கும், மணலும் உப்பும் உள்ள போகாது. கடல்னா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, கால் எல்லாத்தையும் நீட்டி வச்சு காயவிட்டு, ஈரம் முழுசா போனப்புறம்தான் மடிக்கணும்.