கோதுமையை விடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை: பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் மூன்று வேளையும் அரிசிதான். இங்கே வந்ததும் காலையில் டோஸ்ட், மதியம் சாண்ட்விச், இரவில் சப்பாத்தி என்றாகிவிடுகிறது. சிலருக்கு வயிறு உப்பும், அடிக்கடி வெளிக்குப் போகும், காரணமே தெரியாமல் சோர்வு வாட்டும். உடனே வீட்டில் யாராவது, "கோதுமை உனக்கு ஒத்துக்கல, கொஞ்ச நாள் சோறு மட்டும் சாப்பிடு" என்பார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் உங்களுக்கு இருப்பது சீலியாக் நோயாக இருந்தால், இந்த யோசனையே அதைக் கண்டுபிடிக்க முடியாமல் செய்துவிடும். தயவுசெய்து ரத்தம் கொடுக்கும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம்தான் இந்த நோயைத் தூண்டுகிறது. அது உள்ளே போகும்போதெல்லாம் நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். இது ஒவ்வாமை இல்லை, அஜீரணமும் இல்லை. பிரிட்டனில் சுமார் 100 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தென்னிந்தியாவில் வட இந்தியாவைவிடக் குறைவு என்பதால் நம்மில் பலர் இந்தப் பெயரையே இங்கு வந்துதான் கேள்விப்படுகிறோம்.

முதலில் செய்வது டிடிஜி ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை. குடல் திசுவில் உள்ள ஒரு நொதிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்பொருள் எவ்வளவு என்று பார்ப்பார்கள். குளூட்டன் சாப்பிடாவிட்டால் அந்த எதிர்பொருள் மெல்லக் குறைந்துவிடும். நோய் இருந்தும் ரிப்போர்ட் 'நெகட்டிவ்' என்று வரலாம். அதனால்தான் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு, பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் குளூட்டன் உள்ள உணவு சாப்பிடச் சொல்கிறது.

நம் சாப்பாட்டில் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். இட்லி, தோசை, சோறு, சாம்பார், கேழ்வரகுக் களி எதிலும் குளூட்டன் கணக்கில் வராது. ரவை உப்புமா, சேமியா, பரோட்டா, பூரி வரும். யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் கோதுமை மா சேர்த்து அவிக்கும் புட்டும் இடியப்பமும் வரும்; தனி அரிசி மாவில் செய்தால் வராது. காலையில் இரண்டு பிரெட் துண்டு, இரவில் சப்பாத்தி என்று வைத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே கோதுமையை விட்டுவிட்டு, திரும்பச் சாப்பிட முடியாத அளவு வயிறு படுத்துகிறது என்றால், அதை ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) அப்படியே சொல்லுங்கள். அவர் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார்.

ஜிபியிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ விசா நிலையோ கட்டாயமில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள்; கட்டணம் கிடையாது. வீட்டுப் பிள்ளைகளை வைத்துப் பேச வைக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு என்றால் "சைவம்தானே, அதனால்தான்" என்றோ, பெண்களானால் "மாதவிடாயால்தான்" என்றோ நாமே முடிவுகட்டிவிடுகிறோம். மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகை, வாய்ப்புண், மெலிவு, பிள்ளைகளின் வளர்ச்சித் தேக்கம் எல்லாமே இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம். டைப் 1 சர்க்கரை நோயோ, தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவர்களும் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. இந்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை.

முடிவை என்ஹெச்எஸ் (பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை) ஆப்பில் பார்த்துவிட்டு நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். சிலருக்கு ஐஜிஏ என்ற எதிர்பொருள் வகையே இயல்பில் மிகக் குறைவு. அவர்களுக்கு டிடிஜி குறைவாக வந்தால் அதற்குப் பொருளில்லை. அதனால் மொத்த ஐஜிஏ அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அதுவும் குறைவென்றால் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்பொருளைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. நெகட்டிவ் வந்தும் தொல்லை தொடர்ந்தால் திரும்பவும் போய்ச் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் என்றால் குடல் மருத்துவரிடம் அனுப்புவார்கள். பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி (வாய்வழியே கேமரா உள்ள மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து சிறுகுடலில் சிறு திசு எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்பொருள் மிக அதிகமாக இருந்தால் சிலருக்கு அது தேவைப்படாது. அதை முடிவு செய்வது அந்த மருத்துவர்தான். அவர் சொல்லும்வரை பிரெட்டும் சப்பாத்தியும் தொடரட்டும். பலர் தவறுவது இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான்.

நோய் உறுதியான பிறகு சமையலறையை மாற்றலாம். அப்போது கூட்டுப் பெருங்காயத்தின் பொருள் பட்டியலையும் படியுங்கள். பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கூடவே பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகளுக்கும் தெரிவியுங்கள். நெருங்கிய ரத்த உறவில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு இது இருக்க வாய்ப்புண்டு. ஊரிலும் இதே டிடிஜி ஐஜிஏ பரிசோதனைதான். அங்கே தினமும் சோறு சாப்பிடும் அம்மாவுக்கும் தம்பிக்கும் அந்த 6 வாரக் கணக்கை மறக்காமல் சொல்லுங்கள்.