ஆடுபுலியில் தொடங்குங்க

மக்களே, கல்லூரியில் போர்டு கேம் குழு தொடங்கணும்னா முதல்ல நேரத்தைப் பாருங்க. நாகர்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் பலர் மார்த்தாண்டம், குளச்சல் பஸ் பிடிக்கணும். சாயங்காலம் கூட்டம் வைத்தால் ஆள் நிற்காது. மதிய இடைவேளைதான் சரி.

ஆடுபுலி ஆட்டத்தில் தொடங்குங்க: புலி ஆட்டை வெட்டும், ஆடுகள் புலியை அடைக்கும். தரையில் சாக்பீஸ் கோடு, 23 புள்ளி, 3 புளியங்கொட்டை புலி, 15 கூழாங்கல் ஆடு. செலவே கிடையாது. ஒருத்தர் நகர்த்தல்களை நோட்டில் எழுதணும், நான் விடவே மாட்டேன். முடிந்ததும் பேசுங்க: புலி எங்கே அடைபட்டது? முதல் ஆட்டை எங்கே வைத்திருக்கலாம்? கணிதத் துறைப் பிள்ளைகள் தானாக வந்து ஒட்டிக்கொள்வாங்க.

விதி ஊருக்கு ஊர் மாறும், சண்டை வரும். தீர்ப்பு சொல்லாதீங்க, இரண்டு விதியிலும் ஆடி, எது புலிக்குச் சாதகம் என்று குறியுங்க.

விலை கூடிய போர்டு கேம் அப்புறம். குழு அறைச் சாவி இரண்டாமாண்டு பிள்ளையிடம் இருக்கட்டும், இறுதியாண்டுக்காரங்க பரீட்சை முடிந்ததும் போயிடுவாங்க.