பாராசூட்டில் காற்றைப் பார்த்து இறங்குங்கள்
1000 அடி உயரத்தில் காற்றோடு, 600 அடியில் குறுக்கே, 300 அடியில் காற்றுக்கு எதிரே. இதுதான் வழக்கமான பாதை. காற்று பலமென்றால் கடைசித் திருப்பத்தை இறங்குமிடத்துக்கு நெருக்கமாக வையுங்கள். இல்லையென்றால் முன்னே நகராமல் தொங்குவீர்கள்.

எனக்குப் பயமே காற்றில்லாத நாள்தான். தரை விறுவிறுவென்று வரும். ஒருமுறை பதறி, மரக்கிளை உயரத்திலேயே இரண்டு டாகிளையும் (பாராசூட்டைத் திருப்ப, வேகம் குறைக்க இழுக்கும் கைப்பிடிகள்) இழுத்துவிட்டேன். அப்புறம் பயந்து கையை மேலே விட்டேன். பாராசூட் முன்னே பாய்ந்து என்னைக் குப்புறத் தள்ளியது. சீக்கிரம் இழுத்துவிட்டால் கையை அங்கேயே நிறுத்துங்கள், தரை நெருங்கியதும் மிச்சத்தை இழுங்கள். கால்களைச் சேர்த்து, முட்டியை லேசாக மடக்கி உருளுங்கள். தாழ்வில் மட்டும் சடாரென்று திரும்பவே கூடாது.

பலத்த காற்றில் கால் பதிந்ததும் ஒரே டாகிளை இழுத்துக்கொண்டு பாராசூட்டை நோக்கி ஓடுங்கள்.